பெண்கள் உலகக் கோப்பை: சாவி யார் கையில்?

2025 ஏப்ரல் 19 அன்று லாகூர் கடாபி மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் அணி விசித்திரமான ஓர் ஆட்டத்தை ஆடியது. தாய்லாந்து எடுத்திருந்தது 166 ரன். கையில் ஐம்பது ஓவர் இருந்தும், அந்த இலக்கை 10.5 ஓவரிலேயே கடந்து ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். கேப்டன் ஹேலி மேத்யூஸ் 29 பந்துகளில் 70, சினெல் ஹென்றி 17 பந்துகளில் 48. கடைசி அடி, ஸ்டெஃபனி டெய்லரின் சிக்ஸர். அந்தச் சிக்ஸரால் ஆட்டம் கைக்கு வந்தது. உலகக் கோப்பை கைவிட்டுப் போனது.

கணக்கு இப்படி. இந்தியாவில் நடக்கவிருந்த 2025 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி நாள் அது. ஓர் இடம்தான் மிச்சம். வங்கதேசம் பாகிஸ்தானிடம் தோற்று 6 புள்ளிகளோடு நின்றது. மேற்கிந்தியத் தீவுகள் வென்றால் அதற்கும் 6 புள்ளி. அப்போது நிகர ரன் விகிதம்தான் (ஓவருக்கு எடுத்த ரன்னுக்கும் விட்டுக்கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம்) யார் உள்ளே என்று தீர்மானிக்கும். அதில் முந்த வேண்டுமானால் 167 ரன்னை 10.1 ஓவருக்குள் எடுத்தாக வேண்டும். அந்த எல்லை தாண்டிவிட்டால் ஒரே ஒரு சந்துதான் பாக்கி: முதலில் ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு, பிறகு சிக்ஸர் அடித்து 172-இல் முடிப்பது. அதற்கு 11 ஓவர் வரை அவகாசம் உண்டு. இலக்கைத் தாண்டிய கணமே ஆட்டம் நின்றுவிடும் என்பதால், எந்த அடியால் தாண்டுகிறோம் என்பதிலும் சில ரன்கள் ஒளிந்திருக்கின்றன. டெய்லர் எதிர்கொண்டபோது ஸ்கோர் 162. ஒரு பவுண்டரி, அடுத்த பந்தில் ஒரு சிக்ஸர் என்று வந்திருந்தால் இந்தியாவுக்கு டிக்கெட் உறுதி. வந்தது முதலிலேயே சிக்ஸர். 168-இல் ஆட்டம் முடிந்தது. வங்கதேசத்தின் விகிதம் 0.639, மேற்கிந்தியத் தீவுகளுடையது 0.626.

சிக்ஸர் அடித்ததற்காக ஓர் ஆட்டக்காரரைக் குறை சொல்ல வேண்டிய நிலை கிரிக்கெட்டில் அபூர்வம். டெய்லரைச் சொல்லிப் பயனில்லை. அதே சுற்றின் முதல் நாளில் ஸ்காட்லாந்திடம் 11 ரன்னில் தோற்றதுதான் அந்த அணியின் உண்மையான சறுக்கல். அன்று தசைப்பிடிப்போடு போராடி மேத்யூஸ் ஆட்டமிழக்காமல் 114 ரன் எடுத்தும் பலனில்லை. 2013-இல் ஒருநாள் உலகக் கோப்பை இறுதி வரை வந்த அணி, 2016-இல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற அணி, எப்படி ஸ்காட்லாந்து, தாய்லாந்து அணிகளோடு தசமப் புள்ளிக்காக மல்லுக்கட்டும் நிலைக்கு வந்தது? இந்தக் கேள்விக்கான பதில் மைதானத்துக்குள் பாதிதான் கிடைக்கும். மீதி வாரிய அலுவலகங்களில் இருக்கிறது.

முதலில் வாசல் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். 2000-ஆம் ஆண்டு முதல் 2025 வரை பெண்கள் ஒருநாள் உலகக் கோப்பையில் ஆடியவை எட்டு அணிகள்தான். ஒருமுறைகூட அது ஒன்பதாகவில்லை. 2014 முதல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி நடத்திவரும் பெண்கள் சாம்பியன்ஷிப் என்ற நெடுந்தொடர்தான் அந்த எட்டில் பெரும்பகுதியை முடிவு செய்கிறது. 2022-25 சுற்றில் அதில் பத்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதில் எட்டு அணிகளோடு மூன்று ஆட்டத் தொடர் ஆடின. போட்டியை நடத்தும் இந்தியாவும் அடுத்த ஐந்து அணிகளும் நேரடியாக உள்ளே. மற்ற நான்கும், வெளியிலிருந்து வந்த ஸ்காட்லாந்தும் தாய்லாந்தும் லாகூரில் இரண்டு இடங்களுக்காக மோதின. பாகிஸ்தான் எல்லா ஆட்டங்களையும் வென்று ஒன்றை எடுத்துக்கொண்டது. இன்னொன்று வங்கதேசத்துக்கு.

கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்தச் சாம்பியன்ஷிப்பில் இருக்கும் அணிக்கு மூன்று ஆண்டுகளில் 24 ஒருநாள் போட்டிகள் உறுதி. வெளியே இருக்கும் அணிக்கு அப்படி எந்த உறுதியும் கிடையாது. ஆடினால்தான் தேற முடியும், தேறினால்தான் ஆடக் கிடைக்கும் என்றால் வெளியே நிற்பவர் எங்கே போவது?

தாய்லாந்திடம் கேட்டால் இன்னும் கசப்பான கதை கிடைக்கும். 2020-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையில் ஆடிய அணி அது. 2021 நவம்பரில் ஹராரேயில் நடந்த ஒருநாள் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்தைத் தோற்கடித்துத் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. அப்போது ஒமைக்ரான் பரவியது, விமானங்கள் ரத்தாயின, ஐசிசி போட்டியைப் பாதியில் நிறுத்தியது. யாருக்கு இடம்? ஒருநாள் தரவரிசைப்படி என்றார்கள். தாய்லாந்துக்கு அப்போது ஒருநாள் அந்தஸ்தே கிடையாது, அதாவது அது ஆடும் ஆட்டங்களைச் சர்வதேச ஒருநாள் போட்டிகளாக ஐசிசி கணக்கில் எடுக்காது. எனவே தரவரிசையும் கிடையாது. பிரிவில் முதலிடத்தில் இருந்த அணி வீட்டுக்குப் போனது. அது தோற்கடித்த வங்கதேசம் 2022 உலகக் கோப்பைக்காக நியூசிலாந்துக்கு விமானம் ஏறியது. ஒருநாள் அந்தஸ்து ஆறு மாதம் கழித்து, 2022 மே மாதத்தில் வந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில், முழு உறுப்பினர்களாக (ஐசிசியின் மேல்தட்டு) உள்ள எல்லா நாடுகளின் பெண்கள் அணிகளுக்கும் டெஸ்ட், ஒருநாள் அந்தஸ்தை ஐசிசி நிரந்தரமாக வழங்கியிருந்தது. அந்தப் பட்டியலில் ஆப்கானிஸ்தானும் அடக்கம். ஒரே ஓர் ஒருநாள் போட்டிகூட ஆடாத அணிக்கு அந்தஸ்து இருந்தது. பிரிவில் முதலிடம் பிடித்த அணிக்கு இல்லை. முழு உறுப்பினர் என்ற தகுதி நாட்டு வாரியத்துக்குக் கிடைப்பது. நடைமுறையில் அந்த நாட்டு ஆண்கள் அணியின் உயரத்தை ஒட்டியே கிடைப்பது. பெண்களின் உலகக் கோப்பைக்கான சாவி ஆண்கள் கிரிக்கெட்டின் சட்டைப்பையில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. இந்தப் போட்டியைத் தொடங்கியவர்களுக்குக் காசு இல்லையே தவிர, போட்டி அவர்களுடையதாக இருந்தது. இங்கிலாந்துக் கேப்டன் ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட்டும் தொழிலதிபர் ஜாக் ஹேவர்டும் 1971-இல் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை இது. இருவரும் வுல்வர்ஹாம்ப்டன் ஊர்க்காரர்கள். ஹேவர்ட் 40,000 பவுண்டு தந்தார். 1973 ஜூனில் போட்டி தொடங்கியது. ஆண்களுக்கு முதல் உலகக் கோப்பை நடந்தது 1975-இல். தொடங்கிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும்: முதல் ஆட்டமாகக் குறித்திருந்த ஜமைக்கா-நியூசிலாந்து ஆட்டம் ஒரு பந்துகூட வீசாமல் மழையில் போனது. ஏழு அணிகள் ஆடின. அவற்றில் ஜமைக்காவும் டிரினிடாட்-டொபேகோவும் தனித்தனி அணிகள். இளம் இங்கிலாந்து ஒன்று. பல நாட்டவரைச் சேர்த்துக் கட்டிய சர்வதேச அணி ஒன்று. எண்ணிக்கைக்கு ஆள் திரட்டியது வெளிப்படையாகத் தெரிந்தது. இறுதிப் போட்டி என்று தனியாக எதுவும் இல்லை. ஆனாலும் அட்டவணையின் கடைசி ஆட்டமே கோப்பையை முடிவு செய்தது. எட்ஜ்பாஸ்டனில் ஈனிட் பேக்வெல் 118 ரன் எடுக்க, இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை 92 ரன்னில் வென்றது.

அதன்பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் இந்தப் போட்டி எத்தனை அணிகளோடு நடந்தது என்பதை, யாரிடம் பயணச் செலவுக்குக் காசு இருந்தது என்பதே முடிவு செய்தது. 1978-இல் இந்தியா நடத்தியபோது வந்தவை நான்கே அணிகள். பாட்னா, ஜாம்ஷெட்பூர், ஹைதராபாத், கல்கத்தா என்று சுற்றினார்கள். இந்தியப் பெண்களின் முதல் ஒருநாள் போட்டி அந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டம்தான், 1978 புத்தாண்டு நாளில், ஈடன் கார்டனில். 1982-இல் நியூசிலாந்தில் ஐந்து அணிகள். அதிலும் ஒன்று சர்வதேச அணி. இந்தியாவுக்குக் கேப்டன் சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்காக ஆடிய சாந்தா ரங்கசாமி. முன்பதிவு இல்லாத ரயில் பெட்டிகளில் போனதையும், கூடங்களில் தரையில் படுத்து உறங்கியதையும் அந்தத் தலைமுறையினர் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 1988-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தபோது இந்தியா போகவே இல்லை. 1993-இல் இங்கிலாந்தில் போட்டி நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்து, விளையாட்டு-கலை அறக்கட்டளை ஒன்று 90,000 பவுண்டு தந்து காப்பாற்றியது. இறுதி ஆட்டம் லார்ட்ஸில் நடந்தது. அந்த லார்ட்ஸின் உரிமையாளரான எம்சிசி கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஒப்புக்கொண்டது 1998-இல்தான். அதாவது, பெண்கள் உலகக் கோப்பையை அங்கே வென்று ஐந்தாண்டு ஆன பிறகு!

வாசல் மிக அகலமாகத் திறந்தது 1997-இல், இந்தியாவில். பதினொரு அணிகள். டென்மார்க், நெதர்லாந்து, அயர்லாந்து எல்லாம் வந்தன. பாகிஸ்தான் முதல்முறையாக வந்தது. தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி. மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக ஆஸ்திரேலியக் கேப்டன் பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 ரன் எடுத்தார். ஒருநாள் கிரிக்கெட்டில் யாரும் எடுத்த முதல் இரட்டைச் சதம் அதுதான். ஆண்களில் அதை முதலில் எட்டியவர் சச்சின், 2010-இல். ஹைதராபாத்தில் பாகிஸ்தான் ஆஸ்திரேலியாவிடம் 27 ரன்னுக்குச் சுருண்டது. இத்தகைய ஸ்கோர்களைக் காட்டித்தான் அணிகளைக் குறைக்க வேண்டும் என்று வாதிடுவார்கள். அந்த வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது, பார்க்கிறவருக்கு அலுப்புத்தான். ஆனால் அன்று 27 ரன்னில் சுருண்ட பாகிஸ்தான்தான் லாகூரில் ஓர் ஆட்டத்தைக்கூட விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு இருபத்தேழு ஆண்டில் வாய்ப்பு கிடைத்தது. டென்மார்க்குக் கிடைக்கவில்லை.

2005 திருப்புமுனை ஆண்டு. 1958 முதல் பெண்கள் கிரிக்கெட்டை நடத்திவந்த சர்வதேச பெண்கள் கிரிக்கெட் கவுன்சில் அந்த ஆண்டு ஐசிசியோடு இணைந்தது. 1973 முதல் இந்தியாவில் தனியாக இயங்கிய பெண்கள் கிரிக்கெட் சங்கமும் 2006-இல் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயோடு இணைந்தது. இணைப்புக்கு முன் நிலைமை எப்படி? 2005-இல் மிதாலி ராஜ் தலைமையில் இந்தியா தென்னாப்பிரிக்காவில் இறுதிப் போட்டி வரை போய் ஆஸ்திரேலியாவிடம் 98 ரன்னில் தோற்றது. ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் வீதம், எட்டு ஆட்டத்துக்கு எட்டாயிரம் ரூபாய் கிடைத்ததாக மிதாலி பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்த அணியின் கேப்டன் சொன்ன தொகை அது. இணைப்பு தேவைதானா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

ஆனால் இணைந்த உடனே எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்தால் தவறு. பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள், கிடைத்தது பின்கட்டு. 2013 உலகக் கோப்பையை இந்தியா நடத்திய விதமே சாட்சி. வான்கடே மைதானத்தில் நடக்க வேண்டிய ஆட்டங்கள், ரஞ்சி இறுதிப் போட்டிக்கு மும்பை சங்கத்துக்கு மைதானம் வேண்டும் என்று இடம் மாற்றப்பட்டன. உள்ளூர் ஆண்கள் போட்டிக்காக உலகக் கோப்பை ஒதுங்கிக்கொடுத்தது! மும்பையில் எதிர்ப்பு கிளம்பியதால் பாகிஸ்தான் அணியின் ஆட்டங்கள் கட்டாக்குக்குப் போயின. அங்கே அந்த அணி பாராபதி மைதானத்தின் கிளப் கட்டடத்திலேயே தங்கவைக்கப்பட்டது. இந்தக் குழப்பங்களுக்கு நடுவில் நடந்த இரண்டு ஆட்டங்களைத் தமிழ் வாசகர் மறக்கக் கூடாது. தொடக்க ஆட்டத்தில் பிரபோர்ன் மைதானத்தில் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சதம் அடித்தார். உலகக் கோப்பையில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம் அது. மறுநாள் அதே மைதானத்தில் நடப்புச் சாம்பியன் இங்கிலாந்தின் 238 ரன்னை இலங்கை துரத்தியது. ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசிப் பந்தில் திலானி மனோதரா அடித்த சிக்ஸர் ஆட்டத்தை முடித்தது. அதே இலங்கை அடுத்து இந்தியாவை 138 ரன்னில் தோற்கடித்து, போட்டியை நடத்திய நாட்டை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது.

அந்த நாள்களில் இந்தியப் பெண்களுக்குப் பற்றாக்குறை திறமையில் இல்லை, ஆட்டங்களில் இருந்தது. ஓர் உதாரணம் போதும்: 2014 நவம்பரில் மைசூரில் டெஸ்ட் ஆடிய இந்தியா, அடுத்த டெஸ்டை 2021 ஜூனில் பிரிஸ்டலில் ஆடியது. உள்நாட்டில் நெருக்கடியான ஆட்டங்கள் குறைவு என்றால், உலகக் கோப்பையின் கடைசிப் பத்து ஓவரில் என்ன ஆகும்? 2017-இல் லார்ட்ஸில் அதுதான் ஆனது. அரையிறுதியில் ஹர்மன்பிரீத் கவுர் ஆஸ்திரேலியாவைப் பிய்த்தெறிந்து 115 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 171 எடுத்திருந்தார். இறுதியில் வெற்றி இலக்கு 229. இந்தியா 3 விக்கெட்டுக்கு 191. அங்கிருந்து 28 ரன்னில் ஏழு விக்கெட் சரிந்தது. அன்யா ஷ்ரப்சோல் ஆறு விக்கெட் எடுத்தார். 9 ரன்னில் தோல்வி. ‘பதற்றம்’ என்று எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்தார்கள். பதற்றம்தான், ஆனால் அது பழக்கமின்மையின் இன்னொரு பெயர்.

தோற்ற அந்த ஆட்டம் வாரியத்துக்கு ஒன்றை உணர்த்தியது: பெண்கள் கிரிக்கெட்டைப் பார்க்க ஆள் இருக்கிறது, அதாவது விற்க முடியும். 2022 அக்டோபரில் ஆட்டச் சம்பளம் ஆண்களுக்குச் சமமாக்கப்பட்டது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம். 2023-இல் மகளிர் பிரீமியர் லீக் வந்தது. ஐந்து அணிகளின் ஏலம் 4,669.99 கோடி ரூபாய்க்குப் போனது. ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடி. இந்தத் தொகைகளைவிட முக்கியமான விளைவு வேறு. ஸ்ரீ சரணி கடப்பா பக்கத்துப் பெண், இடக்கைச் சுழற்பந்து. 2024 டிசம்பர் ஏலத்தில் டெல்லி அணி அவரை 55 லட்சத்துக்கு எடுத்தது. 2025 ஏப்ரலில் இந்திய அணியில் அறிமுகம். அக்டோபரில் உலகக் கோப்பை, 14 விக்கெட். மத்தியப் பிரதேசத்துச் சிற்றூரிலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் கிராந்தி கவுட் அதே ஏலத்தில் அடிப்படை விலையான 10 லட்சத்துக்குப் போனவர். எட்டு மாதத்துக்குள் இங்கிலாந்து மண்ணில் ஆறு விக்கெட் எடுத்திருந்தார். பழைய ஏற்பாட்டில் இவர்கள் தேர்வாளர் கண்ணில் படவே பல ஆண்டு பிடித்திருக்கும்.

2025 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய உலகக் கோப்பையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பரிசுத்தொகை மொத்தம் 1.388 கோடி டாலர். 2023 ஆண்கள் உலகக் கோப்பையின் ஒரு கோடி டாலரைவிட அதிகம். 2013-இல் இதே போட்டிக்கு மொத்தம் 2 லட்சம் டாலர்தான். ஆனாலும் அரசியலும் வானிலையும் பழையபடி விளையாடின. இந்தியா-பாகிஸ்தான் உடன்பாட்டின்படி பாகிஸ்தானின் எல்லா ஆட்டங்களும் கொழும்பு பிரேமதாச மைதானத்தில். அக்டோபர் மாதக் கொழும்பு மழையை அறியாதவரா அட்டவணை போட்டார்கள்? அங்கே ஐந்து ஆட்டங்கள் முடிவின்றிப் போயின. இந்தியாவில் பிறந்த இந்த ஏற்பாட்டின் சுமை அதிகம் விழுந்தது பாகிஸ்தான், இலங்கை அணிகள் மேல். இலங்கையின் சமரி அத்தபத்து போன்ற ஓர் ஆட்டக்காரர், முந்தின ஆண்டுதான் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கோப்பையை எடுத்த கேப்டன், சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் மழைநீர் வடிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவும் சுலபமாக வரவில்லை. லீக் சுற்றில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என மூன்று தோல்விகள் வரிசையாக. இந்தூரில் இங்கிலாந்திடம் கைக்கு எட்டிய ஆட்டத்தை 4 ரன்னில் விட்டபோது, 2017-இன் பேய் இன்னும் போகவில்லை என்றே பலரும் எழுதினார்கள். அந்த ஆட்டத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் அணியிலேயே இல்லை. பந்துவீச்சைப் பலப்படுத்த அவரை நீக்கியிருந்தார்கள். பதினொரு நாள் கழித்து நவி மும்பை அரையிறுதியில் அவரை மூன்றாம் இடத்தில் இறக்கினார்கள். ஆஸ்திரேலியா எடுத்தது 338. பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அதற்குமுன் யாரும் அவ்வளவு துரத்தி வென்றதில்லை. உலகக் கோப்பைகளில் தொடர்ந்து 15 ஆட்டங்கள் வென்றிருந்த அணி எதிரே. ஜெமிமா 82-இல் இருந்தபோது அலீசா ஹீலி ஒரு கேட்சை விட்டார். ஜெமிமா 127-இல் ஆட்டமிழக்காமல் நின்றார், ஹர்மன்பிரீத் 89. ஒன்பது பந்து மீதம் இருக்க 5 விக்கெட்டுக்கு 341. கவனிக்க வேண்டியது ஹர்மன்பிரீத் வெளியேறிய பிறகு நடந்தது. 2017-இல் சரிந்த இடம் அதுதான். இம்முறை தீப்தி, ரிச்சா கோஷ், அமன்ஜோத் என்று ஒவ்வொருவராக வந்து பந்துக்கு ஒரு ரன்னுக்கும் மேலான வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசி ஓவர்களில் துரத்துவது அவர்களுக்குப் பிரீமியர் லீக் ஆட்டங்களில் கைப்பழக்கம் ஆகியிருந்தது.

நவம்பர் 2 இறுதியில் இன்னொரு தற்செயல். தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா ராவல் காயம்பட்டதால் அழைக்கப்பட்ட ஷஃபாலி வர்மா, அதுவரை அணிப் பட்டியலிலேயே இல்லாதவர், 87 ரன் எடுத்தார்; பந்தும் வீசி அடுத்தடுத்த ஓவர்களில் இரண்டு விக்கெட் எடுத்தார். 299 என்ற இலக்கைத் துரத்திய தென்னாப்பிரிக்கக் கேப்டன் லாரா வோல்வார்ட் தனி ஆளாக 101 வரை கொண்டுபோனார். அவர் தூக்கி அடித்த பந்தை அமன்ஜோத் கவுர் பிடித்த விதத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஓடிவந்து பிடித்தார், நழுவியது. தட்டினார், மீண்டும் நழுவியது. மூன்றாம் முறை கையில் நின்றது. வீசியவர் தீப்தி சர்மா. 2022-இல் கிறைஸ்ட்சர்ச்சில் இதே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி ஓவரில் நோபால் போட்டு, அணி வெளியேறக் காரணமாகிப் பேச்சு வாங்கியவர். இம்முறை இறுதிப் போட்டியில் ஐந்து விக்கெட், அரைச்சதம், 22 விக்கெட்டோடு தொடர் நாயகி விருது. 52 ரன்னில் வெற்றி. கோப்பையை வாங்கியவர்கள் அதை மைதானத்தில் இருந்த முன்னாள் ஆட்டக்காரர்கள் மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா ஆகியோரின் கையில் கொடுத்துத் தூக்கச் சொன்னார்கள். எட்டாயிரம் ரூபாய்த் தலைமுறைக்கு அந்த மரியாதை பொருத்தமானது. பிசிசிஐ அறிவித்த பரிசு 51 கோடி.

இதை அதிசயம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐசிசி வருவாயில் ஏறக்குறைய 38.5 சதவீதத்தைப் பெறும் வாரியம், பத்தொன்பது ஆண்டு கழித்து, தன் பெண்கள் அணிமீது உருப்படியாகச் செலவு செய்தது, பலன் வந்தது. ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகப் பெறும் மேற்கிந்தியத் தீவுகள் வாரியம் தீவுக்குத் தீவு விமானச் செலவைச் சமாளித்துக்கொண்டு ஹேலி மேத்யூஸ் என்ற ஒருவரை நம்பி அணி நடத்துகிறது. அதன் பலனும் வந்தது. இந்திய வாரியமும் முழுக்கச் சமமாகிவிடவில்லை. 2024-25 ஒப்பந்தப் பட்டியலில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு ஆண்டுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். ஆட்டச் சம்பளம் சமம் என்ற அறிவிப்பு முழங்கிய அளவுக்கு இந்த வித்தியாசம் யார் காதிலும் விழவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட அதிகம் இல்லை. சுதா ஷா 21 டெஸ்ட் ஆடி, பின்னர் இந்திய அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தவர். திருஷ் காமினி, நிரஞ்சனா நாகராஜன், ஹேமலதா என்று பெயர்கள் வந்தன. ஆனால் உலகக் கோப்பையை வென்ற 2025 அணியில் தமிழ்நாட்டு வீராங்கனை ஒருவரும் இல்லை. 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் ஷஃபாலி தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 205 எடுத்தபோது இந்தியா குவித்தது 6 விக்கெட்டுக்கு 603. அந்த அணியிலும் நம் ஊர்ப் பெண் இல்லை. இப்போதைக்கு நம்பிக்கை கமலினி. பதினாறு வயதில் மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது. 2025-இல் மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார்.

2025 இறுதிப் போட்டி முடிந்த வாரமே, 2029 உலகக் கோப்பையில் பத்து அணிகள் ஆடும் என்று ஐசிசி அறிவித்தது. நல்லதுதான், லாகூர் போல் தசமப் புள்ளியில் தலை போவது குறையலாம். ஆனால் 2025-29 சாம்பியன்ஷிப்பில் பதினொன்றாவது அணியாக யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்: ஜிம்பாப்வே. தாய்லாந்தோ ஸ்காட்லாந்தோ இல்லை. ஜிம்பாப்வே முழு உறுப்பினர். மற்ற இரண்டும் இணை உறுப்பினர்கள். 1958-இல் பெண்கள் கவுன்சிலைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் ஒன்றான நெதர்லாந்து 2000-க்குப் பிறகு இந்த உலகக் கோப்பையை எட்டவில்லை. டென்மார்க் கடைசியாக ஆடியது 1997, அயர்லாந்து 2005. காசு வந்த காலத்திலும் இவர்கள் உள்ளே திரும்ப முடியவில்லை என்பது தற்செயல் இல்லை. பெண்களே நடத்தியபோது யார் ஆடுகிறார்களோ அவர்கள் உறுப்பினர். இப்போது யார் உறுப்பினரோ அவர்கள் ஆடுகிறார்கள்.

இந்த விதி எவ்வளவு கோணலாகப் போகும் என்பதற்கு ஆப்கானிஸ்தானைவிடத் தெளிவான சான்று கிடையாது. 2020 நவம்பரில் 25 பெண்களுக்கு அந்நாட்டு வாரியம் ஒப்பந்தம் தந்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்தது. பெரும்பாலானோர் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிப் போனார்கள். 2025 ஜனவரி 30 அன்று மெல்போர்ன் ஜங்ஷன் ஓவலில் அவர்கள் ஒன்றுகூடி ஒரு காட்சி ஆட்டம் ஆடினார்கள். நாட்டின் அதிகாரபூர்வ அணியாக ஆட அவர்களுக்கு அனுமதி இல்லை. தங்களை அகதி அணியாகவாவது அங்கீகரிக்கும்படி அதற்கு முன்பே ஐசிசிக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அந்த ஏப்ரலில் பயிற்சிக்கும் உதவிக்கும் ஒரு நிதியை ஐசிசி அறிவித்தது. அணி என்ற அங்கீகாரம் தரவில்லை. ஆப்கானிஸ்தான் வாரியம் முழு உறுப்பினராகவே தொடர்கிறது. ஆண்கள் அணி எல்லா உலகக் கோப்பைகளிலும் ஆடுகிறது. வருவாய்ப் பங்கும் ஆண்டுதோறும் போய்ச் சேர்கிறது.